பிடித்த வேலையும் மாதச் செலவும்: டர்பன் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் பெற்றோர் மெதுவாகப் பக்கத்தில் வருவார்கள். “அண்ணே, இவன் அடுத்த வருஷம் கிரேட் பத்து. என்ன சப்ஜெக்ட் எடுக்கச் சொல்றது?” பையன் பின்னால் நின்று தரையைப் பார்ப்பான். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பதினைந்து வருடமாக வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. வாசலில் நின்று அவசரமாகச் சொன்னதையெல்லாம் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

வீட்டில் மாமாக்கள் சொல்வது ஒன்று: டாக்டர், வக்கீல், சிஏ. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருப்பது இன்னொன்று: மனசுக்குப் பிடித்ததைச் செய். மாமாக்கள்மேல் கோபப்பட வேண்டாம். 1860 நவம்பரில் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கிய நம் முன்னோருக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே கிடையாது; கூலி ஒப்பந்தம், கரும்புத் தோட்டம், அவ்வளவுதான். அப்புறம் நிறவெறி ஆட்சியில் எந்த வேலை எந்த நிறத்தவருக்கு என்று சட்டமே கோடு போட்டது. திறந்திருந்த நாலைந்து கதவுகளைத்தான் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கதவுகள் இப்போது அதிகம். ஆனால் ‘பிடித்ததைச் செய்’ என்று மட்டும் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பிவிடவும் எனக்கு மனம் வராது. தென்னாப்பிரிக்காவில் வேலை தேடுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. இளைஞர்களிடையே நிலைமை இன்னும் மோசம்.

முதலில் வீட்டுக் கணக்கு

ஆர்வத்தைப் பற்றிப் பேசும் முன் ஒரு தாளை எடுங்கள். நீங்கள் தனியாக இருந்தால் ஒரு மாதத்துக்கு என்னென்ன செலவு என்று அம்மாவை, அக்காவைக் கேட்டு எழுதுங்கள். அவுட்பில்டிங்கில் (வீட்டை ஒட்டிய தனிக் கட்டடத்தில்) ஒரு அறை வாடகை, பிரிபெய்டு கரண்ட், தண்ணீர், மளிகை, டேட்டா, ஃபியூனரல் பாலிசி (ஈமச் செலவுக் காப்பீடு). டாக்சியை, அதாவது ஆள் சேர்த்து ஏற்றும் மினிபஸ்ஸை, மறக்காதீர்கள். வேலைக்குப் போக இரண்டு டாக்சி மாற வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு நான்கு கட்டணம், 22 வேலை நாளுக்கு 88 கட்டணம். இதைப் பெருக்கிப் பார்த்த பல பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல் தடவை சம்பளம் என்பது என்ன என்று புரிந்துகொண்டார்கள். வீட்டுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பங்கையும் எழுதுங்கள். நம் வீடுகளில் முதல் சம்பளம் ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை.

அப்புறம் ஒரு அளவுகோல். 2025 மார்ச்சில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்ட் என்று ஆனது. வாரம் 45 மணி நேரம் உழைத்தால் மாதம் 5,600 ராண்ட் சொச்சம். உங்கள் தாளில் உள்ள மொத்தத்தை இதோடு ஒப்பிடுங்கள். இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால், ‘நல்ல சம்பளம்’ என்ற மொட்டைச் சொல் போய் உங்கள் கையில் ஒரு எண் இருக்கும். ஒரு வேலையைப் பற்றி விசாரிக்கும்போது, மூன்றாம் வருடத்தில் அது இந்த எண்ணைத் தொடுமா என்று கேளுங்கள். முதல் வருடத்தில் தொடாவிட்டால் பரவாயில்லை.

பிடிக்கும் என்றால் எது பிடிக்கும்?

“கார் பிடிக்கும் சார்” என்பான் ஒருவன். ஓட்டப் பிடிக்குமா, பிரித்துப் பார்க்கப் பிடிக்குமா, படம் வரையப் பிடிக்குமா, எந்த மாடல் என்ன விலை என்று பேசப் பிடிக்குமா? நான்கும் நான்கு வேலை. பாடத்தின் பெயரையோ பொருளின் பெயரையோ ஆர்வம் என்று எடுத்துக்கொண்டால் வழி தப்பிவிடும். எந்த மாதிரி நுணுக்கத்தில் உங்கள் மனம் அலுக்காமல் நிற்கிறது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

என் கதையையே சொல்கிறேன். எனக்குச் சின்ன வயசிலிருந்து தமிழ் இலக்கணம் பிடிக்கும். லகரம், ளகரம், ழகரம். ஒரு எழுத்து மாறினால் பொருள் எப்படிப் புரள்கிறது என்று பார்ப்பதில் ஒரு சந்தோஷம். டர்பனில் அதை மட்டும் வைத்து வீட்டுக் கடன் கட்ட முடியாது. வார நாளில் நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளியரிங் வேலை பார்க்கிறேன். கன்டெய்னரில் வரும் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத்துக்காக ஒரு எண் கண்டுபிடிக்க வேண்டும். பச்சை மிளகாய் 7ஆம் அத்தியாயம், காய்கறி. அதே மிளகாய் காய்ந்து வந்தால் 9ஆம் அத்தியாயம், மசாலாப் பொருள். வினிகரில் ஊறி பாட்டிலில் வந்தால் 20ஆம் அத்தியாயம். எண் தவறினால் வரி தவறும், சரக்கு நிற்கும், இறக்குமதி செய்தவர் போனில் கத்துவார். முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் இலக்கணம்தான் என்று. இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன், சலிக்கவில்லை. தமிழ் என் சனிக்கிழமையில் இருக்கிறது, தமிழைப் பிடிக்க வைத்த அந்தக் குணம் என் திங்கட்கிழமையில் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு பெண், கோலம் போடுவதில் கெட்டிக்காரி. எல்லாரும் அவளை ஓவியம் படி என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் வண்ணத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. புள்ளிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள், ஒரு வரிசை கோணினால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். கட்டட வரைபடம் பற்றிக் கொஞ்சம் விசாரித்துப் பார் என்று அவளிடம் சொன்னேன். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நாம் டியூடி என்கிறோமே, அங்கே அதற்குப் படிப்பு இருக்கிறது.

ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்: யாரும் சொல்லாமல் கை எதைத் தேடிப் போனது, எதைச் செய்யும்போது போனை மறந்தீர்கள், எந்த வேலையில் மற்றவர்களின் தவறு உங்கள் கண்ணில் பட்டது. மூன்றாவது கேள்வியை லேசாக விடாதீர்கள். அடுத்தவர் தவறு உறுத்துகிறது என்றால் அந்த விஷயத்தில் உங்களுக்குக் கண் இருக்கிறது.

நேற்று என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்

அந்த வேலையில் இருக்கும் இரண்டு பேரையாவது பாருங்கள். கோவிலில், கல்யாண வீட்டில், தெருவில் எல்லாத் தொழில்காரரும் நமக்குக் கிடைப்பார்கள். இந்த ஊரில் நம் பெரிய பலம் இது. “வேலை எப்படி அங்கிள்?” என்றால் “பரவாயில்லைப்பா” என்றுதான் பதில் வரும். “நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீங்க?” என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான நாள் வெளியே வரும். நர்ஸ் அக்கா எவ்வளவு நேரம் எழுதிக்கொண்டே இருந்தார், எலக்ட்ரீஷியன் எத்தனை மணி நேரம் கூரைக்கு உள்ளே வெக்கையில் படுத்துக் கிடந்தார், வக்கீல் கோர்ட்டில் எவ்வளவு நேரம் சும்மா காத்திருந்தார் என்று தெரியும். அந்த நாளில் அலுப்பான பகுதி உங்களால் தாங்கக்கூடியதா என்று பாருங்கள். எந்த வேலையிலும் பிடித்த பகுதி எல்லாருக்கும் பிடிக்கும்.

முடிந்தால் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் கூடவே போய் இருங்கள். சம்பளம் கேட்காதீர்கள், டீ வாங்கி வரச் சொன்னாலும் வாங்கி வாருங்கள்.

கிரேட் ஒன்பதில் ஒரு கதவு

இதைப் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டும். கிரேட் ஒன்பது முடிவில் மேட்ரிக் (கிரேட் பன்னிரண்டு) வரைக்குமான பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டு மொழி, லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கைத் திறன் பாடம்), கணக்கு அல்லது மேத்ஸ் லிட்டரசி (அன்றாடத் தேவைக்கான எளிய கணக்கு), அப்புறம் மூன்று விருப்பப் பாடம். அந்தக் கணக்கு வரியில்தான் பாதி எதிர்காலம் தீர்மானமாகிறது. மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் என்ஜினியரிங், மருத்துவம், சிஏ, பெரும்பாலான அறிவியல் பட்டங்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். சட்டம், மொழிகள், ஹோட்டல் துறை போன்ற பலவற்றுக்கு அது போதும். கணக்கிலிருந்து பிறகு லிட்டரசிக்கு இறங்கி வரலாம். லிட்டரசியிலிருந்து கணக்குக்கு ஏறுவது மிக மிகக் கஷ்டம்.

அதனால் என் யோசனை: பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை, கணக்கில் தட்டுத் தடுமாறியாவது தேறுகிறான் என்றால், கிரேட் பத்தில் கணக்கையே எடுக்கட்டும். ஒரு வருடம் பார்க்கலாம். ஆனால் மார்க் சுத்தமாக வராத பிள்ளையை மானத்துக்காக அங்கேயே உட்கார வைக்காதீர்கள். பல்கலைக்கழகங்கள் ஏபிஎஸ் என்று ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருக்கின்றன. 80க்கு மேல் வாங்கிய பாடத்துக்கு 7, 70க்கு மேல் 6, இப்படி இறங்கிக்கொண்டே போகும். கணக்கில் 25 வாங்கினால் கிடைப்பது ஒரே புள்ளி. லைஃப் ஓரியன்டேஷனைப் பல இடங்களில் சேர்ப்பதே இல்லை, அதில் 90 வாங்கிவிட்டேன் என்று நிம்மதி அடைய வேண்டாம்.

குவாசுலு-நேட்டால் மாகாணத்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு சிஏஓ என்ற ஒரே அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கிறோம். மேட்ரிக் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, கிரேட் பன்னிரண்டின் நடுவிலேயே முடித்துவிட வேண்டும். மருத்துவத்துக்குக் கெடு மற்றவற்றைவிட முன்னாலேயே வந்துவிடும்.

படிக்கும்போதே சம்பளம் வருகிற பாதை

நம் வீடுகளில் சரியாகப் பேசப்படாத பாதை இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், பாய்லர்மேக்கர், வெல்டர், டீசல் மெக்கானிக் ஆகியோரை ஆர்டிசன் என்கிறோம். கணக்கும் சயன்ஸும் ஓரளவு வரும், கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேரலாம். ஏறத்தாழ மூன்று வருடம் ஒப்பந்தம். கொஞ்ச காலம் கல்லூரி, மிச்சக் காலம் பட்டறை. மாதா மாதம் கையில் காசு வரும். கடைசியில் ட்ரேட் டெஸ்ட். அதில் தேறினால் ரெட் சீல் என்ற தொழில் தகுதிச் சான்றிதழ். டெஸ்ட் அன்றைக்கு உங்கள் அப்பா யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொடுத்த உலோகத்தைச் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும்.

கம்பெனிகள் ஏன் பிள்ளைகளை எடுத்துப் பழக்குகின்றன? ஓரளவு பெரிய முதலாளிகள் எல்லாரும் சம்பளப் பட்டியலில் 1 சதவீதத்தைத் திறன் வளர்ச்சி வரியாகக் கட்டுகிறார்கள். அந்தப் பணம் சீட்டா என்ற துறைவாரியான அமைப்புகளுக்குப் போய், பயிற்சி கொடுக்கும் கம்பெனிகளுக்கு மானியமாகத் திரும்பி வருகிறது. லேர்னர்ஷிப் என்ற, வேலையோடு சேர்ந்த பயிற்சியும் இதே வழியில்தான் நடக்கிறது. அது பெரும்பாலும் 12 மாதம். வங்கி, கடை, அலுவலகம், தொழிற்சாலை என்று எல்லாத் துறையிலும் உண்டு. உதவித்தொகை சிறியது, கையில் சான்றிதழும் ஒரு வருட அனுபவமும் மிஞ்சும். எஸ்ஏ யூத் என்ற தளத்தில் இப்படிப்பட்ட இடங்களைத் தேடலாம், டேட்டா செலவாகாது. ஒன்றை மட்டும் மனசில் எழுதி வையுங்கள்: லேர்னர்ஷிப்புக்கு நீங்கள் பணம் கட்டக் கூடாது. ‘பதிவுக் கட்டணம்’ என்று யாராவது வாட்ஸாப்பில் கேட்டால் அது ஏமாற்று.

அரசின் டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிகள் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மொபெனியில் கோஸ்டல் கல்லூரியின் ஸ்வின்டன் வளாகம், ஸ்பிரிங்ஃபீல்டிலும் ஆஷர்வில்லிலும் தெக்வினி கல்லூரி. அங்கே வணிகப் பாடங்களில் என்4, என்5, என்6 என்ற படிகளை முடித்து, 18 மாதம் வேலை அனுபவமும் காட்டினால்தான் டிப்ளமா கைக்கு வரும். அந்த 18 மாதத்துக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நிறைய. ஆகவே என்4இல் சேர்ந்த அன்றே யாரிடம் அனுபவத்துக்குப் போகலாம் என்று தேடத் தொடங்குங்கள்.

கையால் செய்யும் வேலை கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய டியூடியின் ஒரு பாதி, எம். எல். சுல்தான் டெக்னிக்கல் கல்லூரியாகத் தொடங்கி, 2002 வரைக்கும் எம். எல். சுல்தான் டெக்னிகானாக இருந்தது. மலபாரிலிருந்து கூலியாக வந்த அந்த சுல்தான் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில், நம் பிள்ளைகள் தொழில் கற்க வேண்டும் என்று எழுந்த இடம் அது. நம் முன்னோர் பாத்திரம் ஏந்தித் திரட்டிய காசும் அந்தச் சுவர்களில் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வரும்

வீட்டின் மொத்த வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால், அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் டிவெட் கல்லூரிக்கும் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி கேட்கலாம். தனியார் கல்லூரிக்குக் கிடைக்காது. ஆசிரியர் வேலை பிடித்தவர்களுக்கு ஃபுன்சா லுஷாகா பர்சரி (அரசின் படிப்பு உதவித்தொகை) நல்ல வழி. எத்தனை வருடம் பணம் வாங்கினீர்களோ அத்தனை வருடம் அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும். 3,50,000க்குக் கொஞ்சம் மேலே இருக்கும் குடும்பங்கள்தான் பாவம், அந்தப் பக்கமும் இல்லை இந்தப் பக்கமும் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது இரண்டு: கம்பெனி பர்சரிகளுக்கு கிரேட் பதினொன்று மார்க்கோடு விண்ணப்பியுங்கள்; இல்லாவிட்டால் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியாகப் படியுங்கள். நான் அப்படித்தான் படித்தேன். இரவு ஒன்பதுக்கு மேல் கிச்சன் மேசையில், பட்டம் வாங்க ஏழு வருடம் ஆயிற்று.

சேரும் முன் பதிவைப் பாருங்கள்

யூனிசாவுக்கு முன்னால் ஒரு வருடத்தையும் அப்பாவின் பணத்தையும் தொலைத்தேன். டவுனில் ஒரு மாடியில், ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு, வேலைக்கு உத்தரவாதம் என்று பலகை. அப்பா துணி ஆலையில் கட்டர். இரவு ஷிப்டும் சேர்த்துப் பார்த்து ஃபீஸ் கட்டினார். நான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் பூட்டு. கையில் இருந்த ஒரே சான்றிதழை ஒரு முதலாளியிடம் காட்டியபோது அவர் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

அதனால் கேட்கிறேன்: எந்தத் தனியார் கல்லூரியிலும் ஒரு ராண்ட் கட்டுவதற்கு முன் உயர்கல்வித் துறையின் பதிவுப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி பதிவானால் போதாது, நீங்கள் சேரும் அந்தப் படிப்பும் பதிவாகியிருக்க வேண்டும், அதற்கு என்கியூஎஃப் (தேசியத் தகுதிக் கட்டமைப்பு) நிலை எண் இருக்க வேண்டும். மேட்ரிக் 4, டிப்ளமா 6, பட்டம் 7. எண் சொல்லத் தயங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஊர்ப் பட்டத்தை, தகுதிகளை மதிப்பிடும் அரசு அமைப்பான சாக்வாவில் மதிப்பிட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பம் நகராது. என்எஸ்ஃபாஸ் உதவி குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். அப்புறம், வந்த மாதமே இசிஜுலு, அதாவது ஜுலு மொழி, கற்கத் தொடங்குங்கள். நர்ஸானாலும் கடைக்காரரானாலும் டர்பனில் அதைப்போலச் சோறு போடும் படிப்பு வேறில்லை.

அந்தத் துறை இன்னும் பத்து வருடம் இருக்குமா

அப்பாவின் ஆலை மூடப்பட்டது. 90களில் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியபோது டர்பனில் அப்படி மூடிய ஆலைகள் பல. தெற்கு டர்பனின் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் நின்றுவிட்டன. மெர்பேங்க், சாட்ஸ்வர்த் ஆர்டிசன்கள் எத்தனையோ பேர் அங்கே பிழைத்தவர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் கார் தொழிற்சாலை மாதக்கணக்கில் ஓடவில்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை. தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு ஆலை மூடினால் அடுத்த வாசலுக்கு எடுத்துப் போகக்கூடிய கைத்திறனா என்று பாருங்கள். பாய்லர்மேக்கர் சுத்திகரிப்பு ஆலையை விட்டு சர்க்கரை ஆலைக்குப் போகலாம். ஒரே கம்பெனியின் ஒரே இயந்திரத்தில் பட்டன் அழுத்தத் தெரிந்தவர் எங்கே போவார்?

இப்போது எனக்குக் கண்ணில் படுவதைச் சொல்கிறேன். துறைமுகம் இருக்கும்வரை கிளியரிங், கிடங்கு, லாரிப் போக்குவரத்து வேலைகள் இருக்கும். உம்ஷ்லாங்காவில் பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களுக்கான கால் சென்டர்கள் இருக்கின்றன. தெளிவான ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு அது முதல் வேலையாக நன்றாக இருக்கும், இங்கிலாந்துக்கும் நமக்கும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் இரவெல்லாம் விழிக்க வேண்டியதில்லை. கரண்ட் வெட்டுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு சோலார் ஏறிவிட்டது. எலக்ட்ரீஷியன் வேலையில் பதிவு பெற்றவர்கள், வீடு விற்கும்போது தேவைப்படும் சிஓசி என்ற மின்இணைப்புத் தகுதிச் சான்றிதழை எழுதித் தரலாம்.

முதல் சம்பளச் சீட்டு

யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) 1 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வேலை போகும் நாளில் கைகொடுக்க ஒன்றும் இருக்காது. 2025/26 வரி ஆண்டில் வருட வருமானம் 95,750 ராண்ட் வரைக்கும் வருமான வரி இல்லை. அதற்குக் கீழே வாங்கியும் வரி பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் கேளுங்கள்.

முதலில் சொன்னேனே, தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன், கார் பிடிக்கும் என்றானே, அவனை ஒரு விடுமுறையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் மூன்று நாள் விட்டோம். எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகிய செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பி சுற்றும் வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் அம்மா போன் செய்தார். “அண்ணே, சோறு போட்டு வச்சிட்டு ஒரு மணி நேரமா கூப்பிடுறேன், வரமாட்டேங்கிறான். பழைய ஃபேனைக் கழட்டிப் போட்டுட்டு எண்ணிக்கிட்டு இருக்கான்.” இந்த வருடம் கிரேட் பத்தில் அவன் கணக்கும் சயன்ஸும் எடுத்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணக்கு டியூஷன், சனிக்கிழமை காலை தமிழ். மதியத்துக்கு மேல் பட்டறை.